சிவப்பைத் துடைக்கிற கை

அந்த வீட்டில் கேமரா ஒன்று, உரிமை கொண்டாடியவர்கள் இருவர். பகலில் அது கீழ்த்தளத்து ஸ்டுடியோவில் அண்ணியின் கையில் இருந்து பாஸ்போர்ட் முகங்களை எடுத்தது. ராத்திரியில் மொட்டைமாடியில் நாத்தனாரின் கைக்குப் போய் வானத்தை எடுத்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒட்டி உறவாடினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? இவர்கள் ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தார்கள்.

வினை வந்தது ஒரு கண்ணாடித் துண்டால். நாத்தனாருக்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு. வானத்தில் ரோஜாப்பூ வடிவத்தில் ஒரு மேகம், பெரும்பாலும் ஹைட்ரஜன், அதன் ஒளியோ ஒரே சிவப்பு. கேமராவுக்குள் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி அந்தச் சிவப்பில் முக்கால்வாசியை விழுங்கிவிடும். அதைக் கழற்றினால் மேகம் நன்றாக வரும். ஆனால் ஸ்டுடியோவில் உட்காருகிற அத்தனை முகமும் தக்காளியாகிவிடும்.

"பிரிச்சிடலாமா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"நீ மேகத்தப் பாக்க என் வயித்துல அடிப்பியா?" என்று அண்ணி கேட்டுவிட்டாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. நாற்பது நாளாகப் பேச்சில்லை. அண்ணியின் புருஷன் மத்தளம்போல இரண்டு பக்கமும் அடிவாங்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் நாத்தனாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். இப்படியே பேசாமல் போய்விடுவாளோ என்ற பயத்தில் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

பார்த்தாள், விசாரித்தாள், தபாலில் ஒரு ஃபில்டர் வரவழைத்தாள். லென்ஸின் முன்னால் திருகி மாட்டுவது. அந்த ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடும், தெருவிளக்கை வெளியிலேயே நிறுத்திவிடும். கேமராவைப் பிரிக்க வேண்டியதில்லை. உள்ளே உள்ள கண்ணாடி கால்வாசியைத்தானே விடும்? ஒளி விழ நாலு மடங்கு நேரம் கொடுத்தால் போயிற்று.

அந்த வாரம் நாத்தனாருக்கு ராத்திரி வேலை. நாலு ராத்திரி அண்ணி தனியாக மாடியேறினாள். முன்பு நாத்தனாருக்கு டார்ச் பிடித்தபோது பார்த்துக் கற்றதெல்லாம் கைகொடுத்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம். நட்சத்திரத்தின் கூடவே மெல்லத் திரும்பும் தாங்கி, எறும்பு நடப்பதுபோலச் சத்தமிட்டது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து அவள் பாதித் தூக்கத்தில் மிதந்தாள். கொடியில் நாத்தனாரின் வெள்ளை வேலைக்கோட்டு கை அசைத்தது. மாடி, கட்டிடத்தை விட்டு மெல்லக் கிளம்பி வானத்துக்குள் போவதாகவும், இருவரும் பழையபடி வம்பளந்துகொண்டே போவதாகவும் இருக்கும். ஷட்டர் மூடும் சத்தத்தில் விழித்தால் பக்கத்தில் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை படங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து லேப்டாப்பில் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. பத்தொன்பது வருஷமாகப் படத்தில் முகம் சிவந்திருந்தால் துடைத்துப் பழகிய கை, யோசிக்காமல் சிவப்பைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை இடது கோடிவரை இழுத்துவிட்டது. மிஞ்சியது கறுப்பும் நாலைந்து புள்ளியும். கண்ணாடி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, நாத்தனார் சொன்னதுதான் சரி என்று அண்ணிக்கு அழுகை வந்தது.

ஸ்க்ரூடிரைவரையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கி, நாத்தனாரின் அறைக்குப் போனாள். நாத்தனார் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, பிரிச்சுக்கோ. பொழப்பு போனா போகுது. பேசாம மட்டும் போயிடாத."

நாத்தனார் கேமராவைத் தொடவில்லை. முன்னால் இருந்த ஃபில்டரைப் பார்த்தாள். லேப்டாப்பை வாங்கி, அண்ணி செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தினாள். சிவப்பு திரும்பி வந்தது. இருட்டான பின்னணியை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள். சிவப்புக்குள்ளிருந்து இதழ் இதழாக ஒரு பூ எழும்பியது.

"நீங்க தொடச்சது மேகத்தயே அண்ணி."

"நான் ஏதோ கறைன்னு நெனச்சேன்டி."

"நாலு ராத்திரியா? எனக்காகவா?" என்றவள் அதற்குமேல் முடியாமல் அண்ணியின் தோளில் விழுந்து அழுதாள். அண்ணியும் அழுதாள். ஸ்க்ரூடிரைவர் வந்தது வீண்போகாமல் பெட்டியின் ஆடிய கைப்பிடியை முடுக்க உதவியது.

"புது ஆபீசுக்கு போட்டோ கேட்டிருக்காங்க" என்றாள் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு. "கோவத்துல வேற கடைக்குப் போறதா இருந்தேன்."

"போயிருந்தா காலை ஒடச்சிருப்பேன். எறங்கு கீழ."

ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அவளை ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தாள். திரையில் பெரிதாக்கினாள். அழுத அழுகையில் மூக்கும் கண்ணோரமும் செக்கச் செவேலென்று இருந்தன. அண்ணியின் கை வழக்கம்போல அங்கே போயிற்று. நின்றது. அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள்.