ஜெப அறை டியூப்லைட்

மனைவியின் ஸ்கேன் ரிசல்ட் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். கடவுளிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடத்தான் எலக்ட்ரீஷியன் ஆஸ்பத்திரி ஜெப அறைக்குள் போனார். கண்ணை மூடினாலும், சிலுவைக்கு மேலிருந்த டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்து உயிரை வாங்கியது.

"இயேசப்பா, ஒரு நிமிஷம் இருங்க. இதை முதல்ல பார்த்துடுறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் ஏறி, ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்துத் திருகினார். விளக்கு நின்று எரிந்தது.

தேடிவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க, ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லையே. ஏன் கேக்குற?"

"பாடிக்கிட்டு இருக்கீங்களே!"

அப்போதுதான் தன் பாட்டு அவருக்கே கேட்டது. கடவுளோடு சண்டை போட வந்ததை மறந்தே போயிருந்தார். இறங்கி, பெஞ்சில் அவளுக்கும் இடம் விட்டு உட்கார்ந்து, விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்.