பதினெட்டு நாள் பச்சை

யோகராசா வீட்டிலிருந்து பதினெட்டு நாளாகப் பச்சை முகம்தான் வந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் நோவில்லை, சிவப்பு என்றால் கடும் நோவு. புற்றுநோய் முற்றி வீட்டோடு கிடப்பவர்களுக்காக நான் வடிவமைத்த டெப் கணினி அனுப்பும் குறி அது. டெப் கட்டில் தலைமாட்டில் பூட்டியிருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு நோவு எப்படி என்று கேள்வி கேட்கும். பராமரிப்பவர் பச்சையையோ சிவப்பையோ அழுத்த வேண்டும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நேரில் பார்த்துப் படமும் எடுக்கலாம் என்று ஆரையம்பதியில் அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே முனகல் கேட்டது. முப்பது வருடம் வாவியில் வலை வீசிய மனிதர், முழங்காலை நெஞ்சோடு மடக்கித் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி புஸ்பம் என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார்.

“சத்தமாக் கதைக்காதீங்க புள்ள. அவருக்கு வகுத்துப் புண் எண்டுதான் சொல்லி வெச்சிருக்கம். மெய் தெரிஞ்சா அண்டைக்கே சோறு தண்ணிய விட்டிருவார். அவர்ர அண்ணனும் அப்பிடித்தான் போனவர்.”

“அதுக்கு ஏன் மாமி பச்சைய அமத்துறீங்க?”

“சிவப்ப அமத்தினா அது வருத்தத்திர பேரைச் சொல்லுதே!”

சொல்லும்தான். ‘நோவு கடுமை. புற்றுநோய்ப் பிரிவுக்கு அறிவித்துவிட்டோம்.’ குரலும் என்னுடையது. வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கட்டும் என்று பேச வைத்தேன். காது மந்தமானவருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் குறைக்க வழியே வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் அந்தப் பெயரை நோயாளி காதுபடச் சொல்வார்கள்? நானும் இங்கே பிறந்தவள்தான். மறந்து தொலைத்தேன்.

வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் தாதி தனுஷியாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பச்சையாவே வந்தபடியா டொக்டர் நோவு மருந்தப் பாதியாக் குறைச்சிட்டார் அக்கா. சிவப்பு வந்தாத்தான் கூட்டுவார். நீங்க வெச்ச சட்டம்தானே? இண்டைக்குச் சிவப்பு வந்தா ஒரு மணித்தியாலத்தில மருந்தோட நிப்பன். இல்லாட்டி அடுத்த கிழமைதான்.”

நாலு மணியானது. உள்ளே டெப் கேள்வி கேட்டது. புஸ்பம் ஓடிப்போய்ப் பச்சையை நோக்கி விரலை நீட்டினார். பின்னாலேயே ஓடிய நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யோகராசாவுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கடித்த உதட்டில் இரத்தம். இன்னும் ஏழு நாள் இந்த மனிதர் இப்படிக் கிடப்பதா? புஸ்பத்தை விலக்கிவிட்டு, ஒரு கையால் ஒலிபெருக்கியைப் பொத்திக்கொண்டு, மறுகையால் சிவப்பை அழுத்தினேன்.

என் கையை மீறி என் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

முனகல் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“புண் எண்டுதானே சொன்னாய், புஸ்பம்?”

“புண்தான். மருந்து வருதாம். இந்தாங்க, கொஞ்சம் தண்ணி குடியுங்க.”

அவர் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.