ஐந்து கியரும் பின்னால்

மனித குலத்தின் வரலாறு வேகத்தின் வரலாறு. சக்கரத்தை உருட்டியவன், குதிரையை அடக்கியவன், வானத்தைக் கிழித்துப் பறந்தவன் என்று ஒரு வீரப் பரம்பரை இருக்கிறது. அந்தப் பரம்பரையின் இன்றைய வாரிசு தானே என்பதில் கிடங்குக்காரருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பத்தொன்பது வருடமாக அவர் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மணிக்கு எட்டுக் கிலோமீட்டரைத் தாண்டினால் அந்த வண்டியே கீச்கீச்சென்று கத்தி மேலாளரைக் கூப்பிட்டுவிடும்.

வாரிசின் பட்டறை, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. அங்கே ஒரு பழைய இரும்புக் கட்டிலை அறுத்து, ஒட்டி, தள்ளுவண்டிச் சக்கரம் நான்கு மாட்டி, தரையோடு தரையாக ஒரு பந்தய வண்டி செய்திருந்தார். அதன் முதுகில், விபத்தில் நொறுங்கிய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய எழுநூற்றைம்பது சி.சி. எஞ்சின். எறும்பின் மேல் யானையை ஏற்றியது போலிருந்தது. இந்த அளவு வண்டிக்குப் புல் வெட்டும் மெஷினின் எஞ்சினே தாராளம் என்று பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லித்தான் பார்த்தார். "நான் என்ன புல்லு வெட்டவா போறேன்?" என்று கேட்டுவிட்டு வந்தவர் கிடங்குக்காரர்.

"கட்டிலா இருந்தப்பவாவது ஒரு ஆள் தூங்கலாம்," என்றாள் மனைவி.

அவளுக்கு அந்தக் கொட்டகை வேண்டும். தையல்காரி. மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறாள். தையல் மெஷின் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. போன மாதம் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளில் எண்ணெய் தெறித்து, பன்னிரண்டையும் திரும்பத் தைத்துக் கொடுத்தாள்.

ஊரில் வருடாவருடம், வீட்டில் செய்த வண்டிகளுக்கு ஒரு பந்தயம் நடக்கும். போன வருடப் பந்தயத்தில் கிடங்குக்காரரின் வண்டி கிளம்பவே இல்லை. கயிறு கட்டி இழுத்துத்தான் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். இழுத்தவர் மனைவியின் அண்ணன். ஊரே சிரித்தபோது கிடங்குக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த வருஷம் என் வண்டி சொந்த பலத்துல கோட்டைத் தாண்டலேன்னா, மறுநாள் காலையில கொட்டகை உனக்கு!" என்று மனைவியைப் பார்த்துச் சபதம் போட்டார். அவள் மறுநாள் சாக்கட்டியும் அளவு நாடாவுமாக வந்து, கொட்டகைத் தரையில் கோடு போட்டாள். இது வெட்டும் மேசை, இது மெஷின், இது இஸ்திரி போடும் இடம். அந்தக் கோடுகளுக்கு மேல்தான் அவர் ஒரு வருடமாக வண்டியைக் கட்டினார். கால் பட்டு அழிந்தால், அவள் மாலையில் வந்து மறுபடி போட்டுவிட்டுப் போவாள்.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வண்டி முதல் முறையாகச் சந்துக்கு வந்தது. கிடங்குக்காரர் தலைக்கவசம் மாட்டி, நெஞ்சை நிமிர்த்தி, முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். எஞ்சின் கர்ஜித்தது. வண்டி அம்பு போலப் புறப்பட்டுப் பின்பக்கமாகப் போய்த் துணி காயும் கொடியைச் சுருட்டிக்கொண்டு சுவரில் முட்டி நின்றது.

"என்னங்க, போறது முன்னாடியா, பின்னாடியா?" தலையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"சோதனை ஓட்டம்னா அப்படித்தான்."

அப்படி இல்லை. எஞ்சினின் முன்பக்கம் தன் முதுகில் இடிக்கிறதென்று, அதை அப்படியே திருப்பி வைத்துச் சட்டத்தோடு பற்றவைத்திருந்தார். எஞ்சின் திரும்பினால் அது சங்கிலியைச் சுற்றும் திசையும் திரும்பும் என்பது ஒரு வருட வேலையில் ஒரு நிமிடம்கூட அவருக்குத் தோன்றவில்லை. இப்போது வண்டிக்கு ஐந்து கியர். ஐந்தும் பின்னால் போக.

செய்தி கேட்டு மனைவியின் அண்ணன் உடனே வந்துவிட்டார். தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளர்; 'முறுக்குவிசை' என்று சொல்லாமல் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார். அவருடைய பந்தய வண்டியில் மோட்டார் படகின் எஞ்சின். நாற்பது பக்கத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"மாப்ளே, உலகத்துலயே வேகமா பின்வாங்குற வண்டி உங்களோடதுதான். வேணும்னா போட்டி முடியற கோட்டுலேர்ந்து நீங்க மட்டும் தனியா பின்னாடி கிளம்புங்க."

"சிரிங்க மச்சான், நல்லா சிரிங்க."

"நான் எங்க சிரிக்கிறேன்? இயற்பியல் சிரிக்குது. தங்கச்சி, மேசைக்குப் பலகை வாங்கிட்டியா?"

"வாங்கியாச்சுண்ணே," என்றாள் அவள்.

எஞ்சினை அறுத்துத் திருப்பிப் பற்றவைக்கப் பத்து நாளாவது ஆகும். கிடங்குக்காரர் அன்று சாப்பிடாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மறுநாள் கிடங்கில், மூட்டை அடுக்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு குறுகலான வழியில் திரும்பும்போது, கை சட்டென்று நின்றது. ஃபோர்க்லிஃப்டில் திரும்புகிற சக்கரம் பின்னால்தானே இருக்கிறது! பத்தொன்பது வருடமாக அவர் வாலைத் திருப்பித்தான் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். வண்டியைத் திருப்ப முடியாவிட்டால் என்ன, ஆளைத் திருப்பி உட்கார வைத்தால் போதாதா? பின்னால் இருப்பது முன்னால் ஆகிவிடும்; திரும்புகிற சக்கரம் ஃபோர்க்லிஃப்டில் போலவே பின்னால் போய்விடும். ஓட்டுவதற்குக் கொஞ்சம் விபரீதமாக இருக்கும், மற்றவர்களுக்கு.

மீதி இரண்டு நாளும் கொட்டகையிலிருந்து தீப்பொறி பறந்தது. இருக்கையைத் திருப்பினார். ஸ்டியரிங்கை நீட்டி வளைத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தார். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் பெயர்த்து மறுமுனையில் நட்டார். கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டாம் நாள் மாலை மனைவி வந்து, நான்கு மடிப்பாகத் தைத்த இருக்கைப் பட்டை ஒன்றை அவர் மடியில் போட்டாள்.

"இது எதுக்கு? நீ நான் தோக்கணும்னுதானே நினைக்கிற?"

"தோக்கணும்னுதான் நினைக்கிறேன். தொலையணும்னு இல்ல. இறுக்கிக் கட்டுங்க." குனிந்து, அழிந்துபோன சாக்கட்டிக் கோட்டைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பந்தயம் லாரிகள் நிறுத்தும் காலி மைதானத்தில். மூன்று சுற்று. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவதற்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொரு குதிரையும் ஆளை விழுங்கும் அளவு. தொழிலாளர் சங்கச் செயலாளர் கொடியைப் பிடித்துக்கொண்டு, உழைப்பு, உற்பத்தி, உலக அமைதி என்று முக்கால் மணி நேரம் பேசினார். எஞ்சின்கள் சூடேறிப் புகைந்த பிறகுதான் கொடியைக் கீழே இறக்கினார்.

ரொட்டிக்கடைக்காரரின் வண்டி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்று, அவரை மட்டும் கீழே உட்கார வைத்தது. தச்சரின் வண்டியில் சங்கிலி முதல் இழுப்பிலேயே அறுந்தது. விரிவுரையாளரின் படகு எஞ்சின் நாற்பது பக்கத்தையும் மறந்துவிட்டு, இருந்த இடத்திலேயே இரண்டு வட்டம் போட்டு, அடுக்கிவைத்த டயர்களுக்குள் புகுந்துகொண்டது. டயர்களுக்கு நடுவிலிருந்து "முறுக்குவிசை!" என்று ஒரு குரல் கேட்டது.

கிடங்குக்காரர் இதையெல்லாம் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை விட்டார். வண்டி நகர்ந்தது, முன்னால். இந்த அசுரனைச் சீண்டினால் கொன்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். தூங்கும் குழந்தையைத் தொடுவது போலப் பாதத்தைப் பெடல் மேல் வைத்து, அங்கேயே வைத்திருந்தார். வளைவில் வாலைத் திருப்பினார். தலை அழகாகத் திரும்பியது. அவர் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் மனைவி கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூடவே நடந்து வந்தாள்.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் வேகமாப் போனாத்தான் என்ன? வெயில் கொளுத்துது."

"பேசாத! கவனம் சிதறும்."

"நான் செருப்பு வாரைச் சரிபண்ண நின்னேன். அப்புறம் நடந்துதான் உங்களைப் பிடிச்சேன்."

"எழுநூத்தைம்பது சி.சி.யைக் கைக்குள்ள வச்சிருக்கேன். உனக்கு இதெல்லாம் புரியாது!"

அவள் நடையை மெதுவாக்கிக்கொண்டு கூடவே வந்தாள். மூன்றாவது சுற்றின் கடைசி வளைவில் வண்டிக்கு முன்னால் எட்டிப் பார்த்தாள். "இடது பக்கம் கல்லு கிடக்கு, பார்த்து," என்றாள். கல்லைத் தவிர்த்தார். கோட்டைத் தாண்டினார்.

ஊர் கை தட்டியது. கிடங்குக்காரர் பட்டையை அவிழ்க்கவும் மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டகை அவருக்கே நிலைத்துவிட்டது.

"சொன்னா சொன்னதுதான்," என்றாள் மனைவி. "பலகையைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

செயலாளர் மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தார். மாபெரும் ஆற்றலைப் படைப்பவர் பலர் என்றும், அதை ஒற்றைப் பாதத்தால் அடக்கி ஆள்பவர் நூற்றாண்டுக்கு ஒருவரே என்றும் தொடங்கினார். அடக்கி ஆண்டவர் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொலைவில் எதையோ பார்த்தபடி நின்றார்.

முகமெல்லாம் கரியோடு விரிவுரையாளர் வந்தார். "மாப்ளே, மனசார சொல்றேன், தோத்துட்டேன். இவ்வளவு பெரிய எஞ்சினை இவ்வளவு மெதுவா, ஒரு குலுக்கல் இல்லாம... எப்படிப் பண்ணீங்க?"

"அது சொல்லிக் கொடுத்து வர்றதில்ல மச்சான்."

விரிவுரையாளர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார். மனைவியும் குனிந்தாள்.

பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகவேண்டிய ஆக்சிலரேட்டர் கம்பி மாட்டப்படவே இல்லை. வண்டி மூன்று சுற்றையும், எஞ்சின் சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்திலேயே முடித்திருந்தது.