விசில் அடித்த வண்டி

மாட்டு டாக்டரம்மாவின் கார் கொஞ்ச நாளாக விசில் அடிக்கப் பழகியிருந்தது. சமதளத்தில் சாதுவாகத்தான் போகும். மேடு வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும், முன்பக்கத்திலிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கூடவே வேகம் செத்துவிடும், பின்னால் கறுப்பாகப் புகை கிளம்பும். மலைப் பண்ணைகளுக்குப் போகிற வழியில் பால் வண்டிகூட அவளை முந்திக்கொண்டு போனது. அந்த டிரைவர் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"டர்போ போச்சு, அவ்வளவுதான். தலைமுழுகிட்டு வேற வண்டி பாரு," என்றார் கணவர். அவர் கணக்கு வாத்தியார். எதற்கும் சட்டென்று ஒரு விடை வைத்திருப்பார்.

அவளுக்கு மனசு வரவில்லை. பின்சீட்டை மடக்கினால் ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் படுக்கும். அப்படி ஒரு வண்டிக்கு இனி எங்கே போவது? தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ட்ரம்பெட், சாக்ஸஃபோன் எல்லாம் பழுது பார்க்கிறவன். கார் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"எங்கேயோ காத்து ஒழுகுதுன்னு நெனைக்கிறேன்டா."

"காத்து ஒழுகுற கேஸா? அப்ப நம்ம கேஸ்தான்க்கா," என்றான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கருவிப்பெட்டியோடு வந்து இறங்கினான். வாத்தியாரும் உற்சாகமாகச் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன கோடையில் அவர் கழற்றி மாட்டிய மின்விசிறி இன்றைக்கும் காற்றைக் கூரைக்குத்தான் வீசிக்கொண்டிருக்கிறது.

"ஏங்க, நீங்க மேல போய் பேப்பர் திருத்துங்களேன்," என்றாள் அவள், குரலில் தேனைத் தடவி.

"புரியுது, புரியுது," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மாடி ஏறினார்.

தம்பி பானெட்டைத் திறந்து அக்காவை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பாட்டுக் கச்சேரி கேட்பவன்போல நின்றான். "இதோ, இந்த மேல் குழாய்தான். சந்தேகமே வேண்டாம்." இருவரும் மல்லுக்கட்டி அதைக் கழற்றினார்கள். கையெல்லாம் கரி. குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், புத்தம் புதுசாகப் பல்லை இளித்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"உன் காது கச்சேரிக்குத்தான்டா லாயக்கு," என்று சிரித்தபடியே அக்கா குழாயைத் திரும்ப மாட்டக் கைகொடுத்தாள்.

"சரி, காதை நம்ப வேணாம். கண்ணை நம்புவோம். புகை விட்டுப் பார்த்துரலாம்."

டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிற குட்டி விசிறி. அது தள்ளுகிற காற்று வழியில் எங்காவது கசிந்துபோனால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, காற்று போகிற பாதையில் புகையை ஏற்றினால், ஓட்டை இருக்கிற இடத்தில் அது தானாக எட்டிப் பார்க்கும். தம்பி ஒரு பழைய பெயின்ட் டின்னில் எண்ணெய்த் திரியைப் புகையவிட்டு, மூடியில் இரண்டு குழாய் சொருகினான். ஒன்று காரின் காற்று வாய்க்கு. இன்னொன்றில் காற்று மெத்தைக்கு அடிக்கிற கால் பம்ப். அக்கா மெதுவாகப் பம்பை மிதித்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கீழ்ப்பக்கம் இருந்த ஒரு தடித்த ரப்பர் குழாயின் வயிற்றிலிருந்து வெள்ளையாக ஒரு இழை நெளிந்து வந்தது.

"மாட்டிக்கிச்சு!" என்று தம்பி கூவினான். மேலிருந்து பார்த்தால் குழாய் சமர்த்தாக இருந்தது. அடிப்பக்கம் தடவினால் விரல் உள்ளே போகும் அளவுக்குக் கிழிசல்.

தம்பி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடிப்போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தான். மாட்டி, இரண்டு பக்கமும் கிளாம்ப்பை முறுக்கி, பாலத்து மேடு வரை ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி முன்னைக்குத் தேவலை. ஆனால் மேட்டில் பாதி ஏறும்போது மறுபடியும் 'உஸ்'. சின்னக் குரலில், ஆனால் அதே 'உஸ்'.

இருவரும் வீடு திரும்பினார்கள். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் டின்னைப் பற்றவைத்தான். அக்கா நாலு மிதி மிதித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது போன் அடித்தது. மலைமேல் பண்ணைக்காரர்.

"டாக்டரம்மா, பசுவுக்கு முதல் ஈத்து. ரொம்ப நேரமா முக்குது. கால் ரெண்டும் தெரியுது, தலையைக் காணோம். சீக்கிரம் வாங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கன்றின் தலை பின்னால் திரும்பியிருக்க வேண்டும். தாமதித்தால் கன்றும் போகும், பசுவும் போகும். வண்டியோ பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்கிறது. இந்த மூச்சிரைப்போடு அந்தச் செங்குத்து மேட்டில் அது ஏறுமா என்பதே சந்தேகம்.

"டாக்டரம்மா!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். கணவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். "வலது சக்கரத்துக்குப் பக்கத்துல புகை வருது! நீங்க ரெண்டு பேரும் தப்பான பக்கம் குனிஞ்சுக்கிட்டு இருக்கீங்க!"

"எங்க மாமா?"

"சக்கரத்துக்கு முன்னாடிடா! பம்பருக்கு உள்ளாற!"

தம்பி தரையில் படுத்து பம்பருக்குள் கையை விட்டான். காற்றைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் மாதிரிப் பெட்டியோடு குழாய் சேருகிற இடத்தில், கம்பிக் கொக்கி ஒரு பக்கம் மட்டும் விழுந்து மறுபக்கம் அந்தரத்தில் நின்றது. முன்பு பம்பர் மாற்றினபோது யாரோ அவசரத்தில் சரியாகப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். குழாயை ஆழமாகத் தள்ளிக் கொக்கியை அழுத்தினான். 'டக்' என்று உட்கார்ந்தது. பம்பை இன்னும் நான்கு மிதி மிதித்துப் பார்த்தார்கள். எங்கும் ஒரு பொட்டுப் புகை இல்லை. தம்பி டின் குழாயை உருவிவிட்டு பானெட்டை மூடினான்.

அவள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், முன்சீட்டில் கணவர் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கு?"

"நான் கண்டுபிடிச்ச ஓட்டை. அடைஞ்சிருக்கான்னு நான்தானே பாக்கணும்?"

சண்டை போட நேரமில்லை. தம்பி பின்னால் தொற்றிக்கொண்டான். ஊர் எல்லை தாண்டி மேடு வந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல விருட்டென்று பாய்ந்தது. விசில் இல்லை, புகை இல்லை. வளைவு வளைவாக மலை கீழே இறங்கியது. வாத்தியார் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா," என்றார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

தொழுவத்தில் பசு களைத்துப்போய்ப் படுத்திருந்தது. அவள் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு வைக்கோலில் மண்டியிட்டாள். பசுவின் காதருகே ஏதோ சொன்னாள். கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். அவள் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

"கிடைச்சிருச்சு. மூக்கு கைல இருக்கு," என்றாள் மெல்ல. தாடையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நேருக்குக் கொண்டுவந்தாள். கன்றின் கால்களில் கயிறு போட்டு, "பசு முக்கும்போது மட்டும் இழுங்க. முரட்டுத்தனம் வேணாம்," என்று கயிற்றைக் கணவர் கையிலும் தம்பி கையிலும் கொடுத்தாள். இருவரும் வழுக்கி விழுந்து எழுந்து இழுத்தார்கள். பசு ஒரு பெருமூச்சு விட, கன்று வழுவழுவென்று வைக்கோலில் வந்து விழுந்தது. அசையவில்லை. அவள் அதன் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோல் துரும்பால் உள்ளே குடைந்தாள். கன்று தும்மியது. வாத்தியார் குழந்தைபோலக் கை தட்டினார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. பசு கன்றை நக்கத் தொடங்கிய பிறகும் அவர் நகராமல் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது பின்சீட்டில் தம்பி வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சட்டை முழுக்கச் சாணியோடு கணவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு எங்க போற?" என்றார்.

"பக்கத்து மலைக்கு. ஆட்டுப் பண்ணை. ஏங்க?"

"நானும் வரட்டுமா?"

"பள்ளிக்கூடம்?"

"ஒரு நாள் லீவு போட்டா கணக்கு ஒண்ணும் மாறிடாது."

அவள் சாலையைப் பார்த்தபடியே சிரித்தாள். "பழைய சட்டையா போட்டுக்கிட்டு வாங்க," என்றாள்.