ரசமட்டம் பார்த்த கோணல்

அந்த மனுஷன் இப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். வயது நாற்பதை நெருங்குகிறது, காதோரம் நரை தட்டிவிட்டது, ஆனாலும் படிப்பில் படு கெட்டி. பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து வருவதற்கு மட்டும் மகளை அனுப்பிவிடுவார். வெட்டுவது, ஒட்டுவது, வண்ணம் அடிப்பது, அட்டையில் எரிமலையும் அணைக்கட்டும் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. போன வருஷம் ஒன்றாம் வகுப்பை முதல் பரிசோடு முடித்தார். அதற்கு முந்தின வருஷம் மழலையர் வகுப்பிலும் அவர்தான் முதல்.

பிழைப்புக்கு அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை. அங்கே அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். ஒரு ஜன்னலை மாட்டினால் அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற குமிழ் நட்ட நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் மூச்சு விடமாட்டார். வீட்டுக்காரர்கள் "போதும் சார், நல்லாத்தான் இருக்கு" என்று கெஞ்சினாலும் ஏணியை விட்டு இறங்கமாட்டார். அப்பேர்ப்பட்ட ஆள்தான் மகளுக்காகக் கோணல் வேலை கற்றுக்கொண்டார்.

அது ஒரு பெரிய கதை. முதன்முதலாகப் பள்ளிக் கண்காட்சிக்கு அவர் ஒரு சிக்னல் விளக்கு செய்து அனுப்பினார். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது, மூன்று விளக்கும் மாறி மாறி எரிந்தது. பரிசு கொடுக்க வந்த அம்மாள் அதைப் பார்த்து, "பாப்பாவோட அப்பா நல்லா செஞ்சிருக்காரு" என்று சிரித்துவிட்டு நகர்ந்து போய்விட்டார். பரிசு ஒரு பல் டாக்டரின் பையனுக்குப் போனது. டாக்டர் பல் அச்சு எடுக்கிற மாவிலேயே ஒரு மலை பண்ணி, அங்கங்கே கைவிரலால் குழி போட்டு, குழந்தை செய்த மாதிரியே கொண்டுவந்திருந்தார். ரசமட்டத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கண்காட்சியிலிருந்து ஆள் மாறிவிட்டார். எல்லாவற்றையும் முதலில் நேராகச் செய்வார். பிறகு ரசமட்டத்தை வைத்து, குமிழ் இடது பக்கக் கோட்டைத் தொடுகிற வரைக்கும் அலுங்காமல் குலுங்காமல் சாய்ப்பார். அதற்கு மேல் சாய்ந்தால் விழுந்துவிடும், குறைந்தால் அப்பா செய்தது என்று தெரிந்துவிடும். பசையை வேண்டுமென்றே கொஞ்சம் வழியவிடுவார். கடைசியாக மகளைக் கூப்பிட்டு, அவள் கட்டை விரலை வண்ணத்தில் தோய்த்து ஒரு மூலையில் அழுத்துவார். அதோடு மகளின் பங்கு முடிந்தது. இரண்டு வருஷமும் கோப்பை வீட்டுக்கு வந்தது.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். அப்பா வேலை செய்யும்போது பசைப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதுதான் அவள் உத்தியோகம்.

"அப்பா, நான் ஒரே ஒரு வெட்டு வெட்டறேனே?"

"தொடாதே குட்டி, கெட்டுடும். ஆடாம பிடி."

"ஒண்ணே ஒண்ணுப்பா."

"அடுத்த வருஷம் தரேன்."

அவர் கை கழுவப் போகிற நேரத்தில் குட்டி கத்தரிக்கோலை எடுத்து, விரலை நுழைத்து, காற்றில் இரண்டு தரம் திறந்து மூடிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். அதையும் ஒருநாள் பார்த்துவிட்டார். "ஐயோ, கையைக் கிய்யை வெட்டிக்கப் போற" என்று அலறி, கத்தரிக்கோலை அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் குட்டி அலமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அவருடைய மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், வாயில் மருந்தை விடக் கசப்பு. "ஏங்க, நீங்க இப்படியே படிச்சீங்கன்னா நம்ம பொண்ணு கல்யாணத்துக்குள்ள பத்தாவது பாஸ் பண்ணிடுவீங்க" என்பாள். அவருக்குச் சுருக்கென்று இருக்கும். அவளுக்கு என்ன தெரியும்? அவர் படித்த காலத்தில் அவர் எந்த வகுப்பில் இருக்கிறார் என்றே அவர் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு வாத்தியார்கூட அவரைப் பார்த்து ஒரு சபாஷ் சொன்னதில்லை. என் பிள்ளைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் ஆரம்பித்தார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் முதல் கோப்பையைக் கையில் வாங்கியபோது கண் கலங்கினது அவருக்குத்தான். குட்டி பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் மூன்றாவது கோப்பை. தொடர்ந்து மூன்று தரம் வாங்கினால் கோப்பை வீட்டோடு தங்கிவிடும், திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதை வைக்க டிவிக்கு மேலே ஒரு அலுமினியத் தட்டுகூட அடித்து மாட்டிவிட்டார்.

இதற்கு நடுவில்தான் புது வகுப்பு மிஸ் வந்தார். சின்ன வயசு, மெல்லிய குரல். வந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார். பிள்ளைகள் படிப்புக்கு வீட்டில் எப்படித் துணை இருப்பது என்று பேச்சு. பிள்ளைகள் உட்காருகிற சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து கேட்டார்கள்.

"தினம் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க, போதும். இன்னைக்கு என்ன செஞ்சேன்னு கேளுங்க. தப்பா செஞ்சா உடனே கையை நீட்டாதீங்க. தப்பு பண்ணட்டும், தானே திருத்தட்டும். நீங்க செஞ்சு குடுத்தா, நீங்கதான் கத்துக்குவீங்க."

பல் டாக்டர் கையைத் தூக்கினார். "மிஸ், தப்பு பண்றதுக்கு மார்க் எவ்வளவு?"

எல்லாரும் பேனாவை எடுத்துத் தயாரானார்கள். மிஸ் ஒரு கணம் அவரையே பார்த்தார். "மார்க் இல்ல சார்" என்றார். பேனாக்கள் மூடின.

ரசமட்டத்துக்கு மட்டும் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "பாத்தியா, பக்கத்துல உக்காரணும்னு மிஸ் சொல்றாங்க. நான் எத்தனை வருஷமா உக்காந்துட்டிருக்கேன்?" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கீங்க. அவதான் நிக்கிறா" என்றாள் மனைவி. அது அவர் காதில் ஏறவில்லை.

கண்காட்சிக்கான தலைப்பு வந்தது: நம்ம வீடு. ரசமட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீடு என்றால் ஜன்னல், ஜன்னல் என்றால் அவர்தானே! பட்டறையிலிருந்து துண்டுத் தகடு கொண்டுவந்து, திறந்து மூடுகிற ஜன்னல்களோடு ஒரு வீடு கட்டினார். சுவரை அளந்து சாய்த்தார். வாசற்படியில் குட்டியின் கட்டை விரல் பதிந்தது.

கண்காட்சி அன்று பள்ளிக்கூட மண்டபம் துணி போர்த்திய பொட்டலங்களால் நிறைந்துவிட்டது. ஒருத்தர் பொட்டலத்தை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பல் டாக்டர் இரண்டு மாடி கொண்டுவந்திருக்கிறார் என்று ஒரு வதந்தி. ரசமட்டம் தன் பொட்டலத்தின் துணியை இன்னும் இழுத்து மூடினார்.

மிஸ் ஒலிபெருக்கியைத் தட்டினார். "கொண்டு வந்ததை எல்லாம் அந்த ஓரத்து மேஜையில வெச்சிடுங்க. எல்லாமே அழகா இருக்கு. பெரியவங்க எல்லாருக்கும் என் வாழ்த்துக்கள். இப்ப பிள்ளைங்க இங்கயே, நம்ம முன்னாடி, அவங்கவங்க வீட்டைச் செய்யப் போறாங்க. பெரியவங்க கயித்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்க."

ஆளுக்கொரு அட்டை, ஒரு கத்தரிக்கோல், பசை, கொஞ்சம் களிமண். மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பல் டாக்டர், "இது முன்கூட்டியே சொல்லாம செய்ற அநியாயம். பிள்ளைங்க தயாரா வரலையே!" என்றார். பிள்ளைகள் தயாராகத்தான் இருந்தார்கள். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு, திரும்பி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அப்பா அம்மா எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தார்கள்.

டாக்டரின் பையன் எழுந்து, "மிஸ், எங்கப்பா உள்ள வரலாமா?" என்று கேட்டேவிட்டான்.

குட்டி அதைக்கூடக் கேட்கவில்லை. அட்டையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு நேராகக் கயிற்றுக்கு வந்து அப்பாவிடம் நீட்டினாள். இன்னொரு கையில் பசைப் பாட்டில். "இந்தாங்கப்பா. நான் பிடிச்சுக்கறேன்."

சுற்றிலும் சிரித்தார்கள். ரசமட்டம் அவள் கையைப் பார்த்தார். பாட்டிலை எவ்வளவு அழகாக, ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள் பாவி மகள்! இரண்டு வருஷத்தில் அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

மிஸ் வந்து அவள் தோளைத் தொட்டார். "அப்பாவுக்கு இன்னைக்கு லீவும்மா. நீ செய்."

"நானேவா?"

"நீயேதான்."

"கத்தரிக்கோலும் நானேவா?"

மிஸ் தலையாட்டினார். குட்டியின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை ரசமட்டம் இரண்டு கோப்பை வாங்கியபோதும் பார்த்ததில்லை. ஓடிப்போய் உட்கார்ந்தாள். முதலில் இரண்டு கையாலும் பிடித்து வெட்டினாள். பிறகு விரலை மாற்றி மாற்றி நுழைத்துப் பார்த்தாள். நாக்கு வெளியே நீண்டு வெட்டுகிற பக்கமெல்லாம் கூடவே போனது.

"கட்டை விரல் மேல, கட்டை விரல்!" என்று ரசமட்டம் கத்திவிட்டார். மனைவி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் கையைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். உள்ளே அது துறுதுறுவென்று துடித்துக்கொண்டிருந்தது.

நேரம் முடிந்தபோது குட்டியின் வீட்டுக்கு மூன்று சுவர்தான் இருந்தது. கூரை கிடையாது. ஒரு சுவர் விழாமல் இருக்கப் பசைப் பாட்டிலையே முட்டுக்கொடுத்திருந்தாள். உள்ளே மூன்று களிமண் உருண்டைகள்.

மிஸ் ஒலிபெருக்கியோடு ஒவ்வொரு மேஜையாக வந்தார். "இது யாரும்மா?"

"அம்மா. கடைக்குக் கிளம்பறாங்க."

"இது?"

"அப்பா. ஹோம்வொர்க் பண்றாரு."

"அப்பாவுக்கு முகம் வைக்கலையே?"

"அவர் குனிஞ்சே இருப்பாரு மிஸ். முடிச்சப்புறம்தான் விளையாட வருவாரு. ஆனா முடியவே முடியாது."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நீ எங்க இருக்கே?"

குட்டி மூன்றாவது உருண்டையைக் காட்டினாள். "இங்க. நின்னுட்டிருக்கேன்."

ரசமட்டத்துக்குக் காது மடல் எரிந்தது. தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் கண் கலங்கியிருந்தது தெரிந்திருக்கும்.

பல் டாக்டர் பக்கத்தில் வந்து காதோரம் சொன்னார்: "சார், பிரமாதம்! இந்த வசனத்தை யாரு எழுதிக் குடுத்தது? முகம் வைக்கலைங்கற இடம் இருக்கே, நமக்கு அந்த மூளை வரலையே!"

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை சார்."

"அதையும் எவ்வளவு இயல்பா சொல்றீங்க!" டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த தடவை நம்ம பையனுக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க."

பொய்யைச் செய்து கோப்பை வாங்கிய காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். இன்றைக்கு ரசமட்டம் ஒரே ஒரு உண்மையைச் சொல்கிறார், ஒருத்தன் நம்பவில்லை.

கோப்பை இந்த வருஷம் யாருக்கும் இல்லை என்று மிஸ் சொல்லிவிட்டார். அது வகுப்பு மேஜையிலேயே இருக்குமாம், கத்தரிக்கோல்களைப் போட்டு வைக்க. சில பெற்றோர் தலைமை ஆசிரியையிடம் முறையிடப் போனார்கள். ரசமட்டம் போகவில்லை.

திரும்பும் வழியில் குட்டி தன் வீட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். அவருடைய அலுமினிய வீட்டை அவர் அக்குளில் இடுக்கியிருந்தார்.

"அப்பா, என்னுது கோணலா இருக்குல்ல?"

"கொஞ்சம்."

"நான் நேராத்தான் வெட்டினேன். அது தானா கோணலாயிடுச்சு. நீங்க எப்படிப்பா அவ்வளவு கரெக்டா கோணலா பண்றீங்க?"

அவள் கேலி பண்ணவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் குட்டி முன்னால் வைத்தார். ஒரு புது அட்டையும் வைத்தார். "கூரை போடலையே நீ" என்றார். தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பசைப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்று பார்த்தாள். அதிசயம், ஒன்றும் சொல்லவில்லை.

குட்டி வெட்ட ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் கத்தரிக்கோல் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மெதுவாக வலது பக்கம் ஒதுங்கியது. ரசமட்டம் பல்லைக் கடித்தார். இன்னும் ஒதுங்கியது. அவர் கை அவரைக் கேட்காமலே நீண்டுவிட்டது.

"தொடாதீங்கப்பா, கெட்டுடும். ஆடாம பிடிங்க."

கை திரும்பிவிட்டது. ஆனால் மனசு அடங்கவில்லையே! கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "குட்டி, இந்த ஓரத்துல மட்டும்... அப்பா ஒரே ஒரு வெட்டு வெட்டிக்கறேனே?" என்றார்.

குட்டி நிமிரவில்லை. நாக்கு வெளியே நீண்டிருந்தது, கண் அட்டையில் இருந்தது.

"அடுத்த வருஷம் தரேன்" என்றாள்.