முதற்பலன் பூண்டு

பூண்டுத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. இனி ஒரு நல்ல மழை போதும். மண்ணுக்குள்ளேயே தோல் பிரிந்து பல் அழுகிவிடும். முருகேஸ்வரியின் வயலில் பிடுங்க ஆள் இல்லை.

அந்த மலைக்கிராமத்தில் பூண்டு எடுப்புக்குக் கூலி கிடையாது, மாத்தாள்தான். இவள் அவர்கள் வயலில் இறங்கினால் அவர்கள் இவள் வயலில் இறங்க வேண்டும். இந்தப் போகத்தில் அவள் எல்லோர் வயலிலும் இறங்கியிருந்தாள். கடைசியாகக் கொழுந்தன் மனைவி அன்னக்கொடியின் வயல். கடைசிக் கூடை நிரம்பும்வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. நிரம்பியதும் அன்னக்கொடி சொன்னாள்.

"ஞானஸ்நானம் எடுத்தவ வயல்ல நாங்க யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு ஊர்ல பேசிட்டாங்கக்கா."

"இத வெள்ளனே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். "ஒங்க ஏசப்பா ஆளக் கூட்டியாந்து வெரசா புடுங்கிருவாருல்ல!"

முருகேஸ்வரி நாயுடுபுரத்துக்குப் போன் செய்தாள். ஞானம்மா அங்கே தையல் கடை வைத்திருப்பவள். முருகேஸ்வரியின் புருஷன் மருந்து குடித்துச் செத்தபின் ஊரில் ஒருவரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஞானம்மா மட்டும் வியாழன்தோறும் பஸ் ஏறி வந்தாள். வேதம் வாசிக்குமுன் வீட்டைக் கூட்டினாள். காய்ச்சலில் கிடந்தவளின் துணியைத் துவைத்துப் போட்டாள். அந்தக் கைகளை நம்பித்தான் முருகேஸ்வரி ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கினாள்.

"அழாத தங்கச்சி. நாளைக்குச் சபையையே கூட்டிட்டு வாரேன்" என்றாள் ஞானம்மா.

வயலில் இறங்குகிறவர்களுக்கு வயல்காரிதான் சோறு போட வேண்டும். முருகேஸ்வரி இருட்டோடு எழுந்து பெரிய பானையில் சோறு வடித்தாள். பிறகு வயலுக்குப் போய்த் தனியாகவே பிடுங்க ஆரம்பித்தாள். வேன் வரும்போது வரப்பில் சின்னதாக ஒரு குவியல் சேர்ந்திருந்தது.

வேனிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். ஒருவர் கையில் கிதார்.

"மொதல்ல சாப்புட்ருங்கக்கா. அப்பறம் எறங்கலாம்."

"இன்னிக்கு உபவாசம்மா. ஒனக்காகத்தான்" என்றாள் ஞானம்மா.

வரப்பில் வரிசையாக நின்று பாடினார்கள். பின்பு வயலின் நான்கு மூலைக்கும் போய்க் கைகளை நீட்டி ஜெபித்தார்கள். மேல் வயலில் அன்னக்கொடி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேகம் மலைக்கு இந்தப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது.

"அக்கா, ஆளுக்கொரு வரிச புடுங்குனாக்கூடப் போதும்" என்றாள் முருகேஸ்வரி.

ஞானம்மா அவள் தலையில் கை வைத்தாள். "நீ இன்னும் மனுசக் கையவே பாக்குற. அதுதான் ஆண்டவருக்குத் தடையா நிக்கிது." பிறகு குவியலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அடி தங்கச்சி! ஆண்டவருக்குக் காணிக்கையா முதற்பலனெல்லாம் எடுத்து வச்சிருக்கியே!"

"புடுங்குனது அம்புட்டுத்தாங்கக்கா."

"அதான் முதற்பலன். இப்பிடிக் குடுக்கிறவ வயல அவரு கைவிடுவாரா?"

சாக்கில் கட்டி வேனில் ஏற்றினார்கள். முதல் தூறல் விழுந்தபோது சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினார்கள்.

மேல் வயலிலிருந்து அன்னக்கொடி கத்தினாள். "யக்கா, புடுங்கிட்டாங்களா?"

மழை சனிக்கிழமை வரை விடவில்லை. முருகேஸ்வரி நனைந்தபடியே பிடுங்கினாள். பிடுங்கியது விரலில் நசுங்கியது. அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டுகூடத் தேறவில்லை. நனையாமல் தப்பியது அந்தச் சாக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நாயுடுபுரம் போனாள். ஆராதனை முடிந்து முதற்பலன் ஏலம் தொடங்கியிருந்தது. கேரட்டுக்கும் சௌசௌவுக்கும் நடுவில் அவள் பூண்டு ஒரு புதுக் கூடையில் இருந்தது.

"அக்கா, வெதைக்குக்கூட இல்ல. அத மட்டும் குடுத்துருங்க."

"படைச்சதத் திருப்பிக் கேக்கலாமா? பாவம்மா." ஞானம்மா உண்மையாகவே பதறினாள். "நீ வந்ததே நல்லதாப் போச்சு. முன்னால வா."

கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினாள். "ஊரே ஒதுக்கியும் முதற்பலனக் குடுத்த சகோதரி இவங்கதான்!" சொல்லும்போது ஞானம்மா அழுதாள்.

"சாட்சி சொல்லும்மா" என்றார்கள்.

"பூண்டு எல்லாம் அழுகிருச்சு…"

"அப்பவும் விசுவாசத்த விடல! அல்லேலூயா!"

சபை முழங்கியது. முன்வரிசையில் இருந்த பெண் முருகேஸ்வரியின் கைகளிலிருந்து வந்த வாடை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அல்லேலூயா சொன்னாள்.

கூடையை ஓட்டல்காரர் ஒருவர் ஊறுகாய்க்கு எடுத்தார்.