புகைக்குழாயும் வெள்ளைத் துணியும்

“அப்போ அது எங்கடா?”

“எது?”

“என் வண்டியிலேருந்து நீ அறுத்து எடுத்தது. எதுன்னு என்கிட்டயே கேக்கறியா?”

“அக்கா, முதல்ல உக்காரு. டீ சொல்றேன்.”

“நான் டீ குடிக்க வரலை.”

தம்பி ஒரு துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். சுத்தமாகவே இருந்த விரல்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பொய் சொல்வதற்கு முன்னால் கைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்துவிடுவான். அவன் ஷெட்டுக்கு வரும் லாரிக்காரர்கள் அவனை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். என்ஜினையும் லேப்டாப்பையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “ம்ம்” என்பான். அந்த “ம்ம்”முக்கே பாதிப் பேர் மயங்கிவிடுவார்கள். அப்படி மயங்கியவர்களில் கூடப்பிறந்த அக்காவும் ஒருத்தி என்று நினைக்க நினைக்க அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

ஷெட்டுக்கு வெளியே வெயிலில் அவளுடைய லாரி நின்றது. பெட்டிக்குள் எண்ணூறு படுக்கை விரிப்புகள், துவைத்துத் தேய்த்து மடித்தவை, காலையில் ஏற்றியபடியே இருந்தன. இந்நேரம் அவை ஆஸ்பத்திரிக் கட்டில்களில் இருந்திருக்க வேண்டும்.

ஆறு வருஷமாக அவள் சலவை ஆலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு விரிப்பு ஏற்றிப் போகிறாள். இறக்குகிற இடம் பின்பக்கத்து முற்றம். நாலு பக்கமும் சுவர், ஒரு பக்கம் மட்டும் வரிசையாக ஜன்னல்கள். அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் மூச்சுக்குத் திணறுகிறவர்கள் படுத்திருந்தார்கள். சில நாட்களில் யாராவது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மாலுமிகள் கடலைப் பார்ப்பதுபோல அந்த வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்த வாசலில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காவலாளி ஒரு குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார். வண்டியின் புகைக்குழாய்க்குள் அதை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். துணி வெள்ளையாக வந்தால் வாசல் திறக்கும்.

அவள் வண்டிக்கு அது எப்போதும் வெள்ளையாகத்தான் வரும். “உங்க குழாயிலே சாப்பாடே போட்டுச் சாப்பிடலாம்மா” என்பார் காவலாளி. மாதாமாதம் அதே ஜோக். மாதாமாதம் அவளும் சிரிப்பாள்.

இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. குச்சியை வெளியே இழுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார். அடுப்பைத் துடைத்த துணிபோல இருந்தது. பின்னால் நாலைந்து வண்டிகள் நின்றன. எல்லா ஓட்டுநர்களும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் வந்தார். சத்தமே போடவில்லை. “நாளைக்குக் காலையிலே சுத்தமா வாங்க. இல்லைன்னா வர வேண்டாம். வேற வண்டி சொல்லி வெச்சாச்சு” என்றார். அவர் கத்தியிருந்தாலாவது அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள்.

“புகைக்குழாயிலேருந்து எடுத்த அந்த ஃபில்டரைக் குடு. இன்னைக்கே திரும்ப மாட்டு” என்றாள் இப்போது.

“அக்கா, அது உன் டீசலைக் குடிச்சுக்கிட்டிருந்துச்சு. அதைத் திரும்ப மாட்டுன்னா எப்படி? மைலேஜ் ஏறியிருக்கில்ல?”

இந்தக் கேள்விக்காகவே அவள் காத்திருந்தாள். இடுப்பில் சொருகியிருந்த சின்ன நோட்டை எடுத்து அவன் லேப்டாப்பின் மேலேயே போட்டாள்.

“படி.”

“இப்ப எதுக்கு...”

“படிடா.”

ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் மீட்டர் காட்டுகிற மைலேஜை நம்புகிறவர்கள். அவள் வழி வேறு. எப்போதும் ஒரே பெட்ரோல் பங்க், அதில் ஒரே இடம், வண்டியின் மூக்கு சுவரைப் பார்த்தபடி. டேங்க்கின் கழுத்துவரை நிரப்பச் சொல்வாள். நுரை அடங்கும்வரை நின்று, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வாள். பங்க் ஆட்கள் பின்னால் நின்று கண்ணால் சாடை பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியும். ஓடிய கிலோமீட்டர், உள்ளே போன லிட்டர், இரண்டும் நோட்டில் ஏறும். புருஷன் கேலி செய்வான்: “குழந்தைக்குப் பால் அளக்கற மாதிரி அளக்கறா.” அவன் சொல்லிவிட்டுப் போகட்டும். நோட்டு பொய் சொன்னதில்லை.

“போன வருஷம் லிட்டருக்கு நாலே முக்கால், நாலு எண்பது” என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவன்தான் படிக்கவில்லையே. “அப்புறம் மீட்டர்ல அந்த மஞ்சள் விளக்கு அடிக்கடி எரிய ஆரம்பிச்சது. நாலரைக்கு இறங்குச்சு. உன்கிட்ட வந்தேன். ஃபில்டர் அடைச்சிருக்கு, சேர்ந்த கரியை எரிக்கறதுக்கே வண்டி தனியா டீசலை ஊத்துது, அதைத் தூக்கிட்டா அஞ்சரை ஓடும்னே. சொன்னியா இல்லையா?”

“சொன்னேன். மீட்டர்ல அஞ்சு புள்ளி மூணு காட்டுதில்ல?”

“மீட்டர்ல காட்டுது. டேங்க்ல நாலு புள்ளி நாலு. மூணு வாரம், ஆறு டேங்க். ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னே? என்ஜின் செட் ஆகணும் அக்கா, கொஞ்சம் பொறு. இது என்ன புதுச் செருப்பா, காலுக்குச் செட் ஆகறதுக்கு?”

அவன் கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைக்கத் தொடங்கினான்.

“அந்த மீட்டர் ஏன் பொய் சொல்லுதுன்னு நான் சொல்லட்டுமா, டாக்டர் நீங்க சொல்றீங்களா?”

ரொம்பச் சின்னக் குரலில் அவன் சொன்னான்: “ஃபில்டர் இல்லைன்னு வண்டிக்குத் தெரியக் கூடாதுன்னு ப்ரோக்ராமை மாத்தினேன். அதுல டீசல் அளவும் மாறிடுச்சு. வண்டி தான் ஊத்தறதா நெனைக்கறதை எண்ணுது. நிஜமா ஊத்தறது அதைவிட ஜாஸ்தி.”

“இது உனக்கு எப்போ தெரியும்?”

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவள் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். வருகிற வழியில் சாலையோரமாக நிறுத்தி, கேபினைத் தூக்கிப் பார்த்திருந்தாள். இப்போது ஷெட் வாசலில் அதை மறுபடியும் தூக்கி நிறுத்தினாள். காற்றை என்ஜினுக்குள் தள்ளுகிற தடித்த ரப்பர் குழாய். அதன் வளைவின் அடிப்பக்கத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு கறுப்புக் கோடு. அவள் கட்டைவிரலால் அழுத்தியதும், தூங்குகிறவன் வாய்போல அந்த இடம் மெதுவாகத் திறந்தது. ஒரு நக அளவு பிளவு.

“இதான் வியாதி” என்றாள். “காத்து பத்தலை. அதனால டீசல் முழுசா எரியலை, கரி வந்துச்சு. வந்த கரியை அந்த ஃபில்டர் பிடிச்சு வெச்சுது. பிடிக்கறதுதானே அதோட வேலை? முடியலை முடியலைன்னு விளக்கைப் போட்டுக் கத்துச்சு. நீ என்ன பண்ணே? கத்தினவனோட கழுத்தை அறுத்துட்டே.”

“அக்கா, இது அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாது...”

“எனக்குத் தெரிஞ்சுதே. கையை விட்டுப் பார்த்தேன், தெரிஞ்சுது. உனக்கு லேப்டாப்புக்குள்ளே கையை விடறதுக்குத்தான் நேரம் இருக்கு.”

ஒரு குழாய். கடையில் கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அரை மணி வேலை. அவளுடைய கோபம் அவன் மேல் பாதி. மீதி, மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வாசலில் நின்று “நீ சொன்னா சரிதான்டா” என்று சாவியை நீட்டிய தன் கையின் மேல். அந்த மூன்று வாரமும் அந்த ஜன்னல்களுக்குக் கீழேதான் வண்டியை உறுமவிட்டு நின்றிருந்தாள். இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும். அவன் முன்னால் உடையக் கூடாது.

“சரி, குழாயை மாத்து. ஃபில்டரையும் மாட்டு. எங்க அது?”

“அது... இல்லைக்கா.”

“இல்லைன்னா?”

“பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்.”

அவள் அவன் கண்களையே பார்த்தாள். அவன் ஷெட் கூரையைப் பார்த்தான். பழைய இரும்புக்காரர் ஏன் பழைய இரும்பை எடைபோடாமல், துணியில் சுற்றி, காரின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறார் என்பது லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். உள்ளே தேன்கூடுபோல ஒரு பீங்கான். அதன் மேல் தங்கத்துக்குச் சமமான ஏதோ ஓர் உலோகத்தின் பூச்சு. அவளுக்கும் தெரியும். தன் தம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

“வித்துட்டே.”

“அக்கா...”

“என் வண்டியோட ஈரலை அறுத்து வித்துட்டு, மைலேஜ்னு என் தலையிலேயே மிளகாய் அரைச்சிருக்கே. கூலி வேண்டாம் அக்கா, உனக்குச் சும்மா பண்றேன்னு சொன்னியே, நான் வீட்டுக்குப் போய் உங்க மாமாகிட்ட பெருமையா வேற சொன்னேன்.”

அவன் தலை தொங்கியது. அந்த நேரத்தில் ஷெட்டின் உள்ளிருந்து, அங்கே ஓடிக்கொண்டிருந்த காற்று மிஷினின் சத்தத்தையும் மீறி, யாரோ இருமினார்கள்.

அப்போதுதான் அவள் உள்ளே நின்ற இன்னொரு லாரியைச் சரியாகப் பார்த்தாள். வெளிர்நீலம். அவளுடையதைப் போலவே, அதே கம்பெனி, அதே மாடல். பக்கத்தில் அடுக்கிய டயர்களின் மேல், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முட்டை வண்டிக்காரர். அவளுக்கு அவரை முகத்தளவில் தெரியும். நெடுஞ்சாலையில் எல்லோரும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போகிற அந்த மெதுவான வண்டி அவருடையது. சக்கரத்தின் கீழே பூனை படுத்திருந்தால்கூட எழுந்து, சோம்பல் முறித்துவிட்டுப் போகலாம் என்று சொல்வார்கள். கேபினின் திறந்த கதவு வழியே மீட்டர் தெரிந்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்குக் கீழே, தரையில், அறுக்கிற மிஷினின் வயர் ஏற்கெனவே நீட்டி வைக்கப்பட்டிருந்தது.

தம்பி அவள் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் பேசினான்.

“அதே ஃபில்டர்க்கா. ஒரு போல்ட்கூட மாத்த வேண்டாம். ரெண்டு மணி நேரத்துல அவர் வண்டியிலேருந்து எடுத்துடுவேன். அவர் கிளம்பினதும் சுத்தம் பண்ணி உன் வண்டியில மாட்டிடறேன். பழைய ப்ரோக்ராம் என்கிட்ட இருக்கு, அதையும் போட்டுடறேன். சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுடும். நாளைக்குக் காலையில துணி வெள்ளையா வரும்.”

“அவருக்கு?”

“அவர் முட்டை ஏத்தறவர். அவரை எந்த வாசல்ல நிறுத்தி யார் துணி விடப் போறாங்க?”

“புதுசா வாங்கி மாட்டு.”

“சொல்லி வெச்சா வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும். உனக்கு நாளைக்கு வேணும்.” அவன் குரலில் இப்போது நடுக்கம் இல்லை, வழி கிடைத்துவிட்ட மனிதனின் தெளிவு வந்திருந்தது. அதுதான் அவளுக்கு அறைவதற்குக் கை துறுதுறுத்த இடம். “நீ எதுவும் பொய் சொல்ல வேண்டாம்க்கா. சும்மா இரு, அது போதும்.”

அவள் கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். நாளைக் காலையின் வாசலை நினைத்தாள். குச்சியோடு வருகிற காவலாளி, திறக்கிற கதவு, அல்லது திறக்காத கதவு, ஆறு வருஷம். அந்த வெளிர்நீல வண்டியின் காற்றுக் குழாயிலும் ஒரு நக அளவு பிளவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கையை விட்டுப் பார்த்தால்தானே தெரியும். யாரும் பார்க்கவில்லை.

முட்டை வண்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். வண்டியை ஓட்டுவதுபோலவே மெதுவாக நடந்து அவர்களிடம் வந்தார். தூக்கி நின்ற அவளுடைய கேபினை அண்ணாந்து பார்த்தார். அவள் கட்டைவிரலில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தார்.

“உள்ளே மிஷின் சத்தம், நீங்க பேசினது எதுவும் கேக்கலை” என்றார், மன்னிப்புக் கேட்கிறவர்போல. “டாக்டர் சொன்னார், நீங்க அவரோட அக்காவாம். உங்க வண்டிக்கும் இதே வேலை பண்ணினாராம்.”

தம்பி மறுபடியும் விரல்களைத் துடைக்க ஆரம்பித்தான்.

“எனக்கு இந்த கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் ஒண்ணும் புரியலைம்மா. இது ஒண்ணுதான் என் வண்டி. மூணு நாளா யோசிச்சும் மனசு நிக்கலை. நீங்க ஓட்டிப் பார்த்தவங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். எடுத்துடலாமா, வேண்டாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”